தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் மாதம் அரை லிட்டர் தண்ணீர் காணாமல் போகிறது

#1 வேலூர்க்காரன்

வணக்கம். நான் கோட்டை வேலூர் இல்லை, காவிரிக்கரைப் பரமத்தி வேலூர். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012 மாடல் பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கிளம்பினேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மெல்ல மேலே ஏறியது. ஏசியை நிறுத்தினேன். இரண்டு வளைவு போவதற்குள் முள் தானாகவே இறங்கி, நடுவுக்கும் கீழே வந்துவிட்டது. அப்பாடா என்று ஓட்டினேன். இன்னும் மூன்று வளைவில் இழுவை செத்துப்போய், போனட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் ஊற்றி, கெஞ்சிக் கூத்தாடி சோளக்காடு வரை போய்ச் சேர்ந்தோம்.

மூன்று மாதமாகவே ரிசர்வ் டப்பாவில் மாதம் அரை லிட்டர் குறைகிறது. குறையக் குறைய வீட்டு போர் தண்ணீரை ஊற்றிவந்தேன். வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. ஊர் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும், 25,000 ஆகும்" என்கிறார். சர்வீஸ் சென்டரில் "ரேடியேட்டரை மாற்றிப் பார்ப்போம்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

#2 பட்டறை மணி

தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் 31 வருடம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முள் இறங்கியதும் அப்பாடா என்றீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முள்ளுக்குத் தகவல் கொடுப்பது ஒரு சின்ன சென்சார். அது தண்ணீரில் முங்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் சுற்றிலும் காற்றும் ஆவியும்தான். உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும், சென்சார் "ஒன்றுமில்லை, ஆறிவிட்டது" என்று சொல்லும். ஏறிய முள் காரணமில்லாமல் மளமளவென்று இறங்கினால், இன்ஜின் ஆறியதற்கு அது அடையாளம் இல்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிப் பாருங்கள். அனல் வீசினால் தண்ணீர் சுற்றுகிறது. முள் ஏறியிருக்கும்போது குளிர்ந்த காற்று வந்தால், அந்த வளைவிலேயே சாவியைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போயிருந்தால் தெரிகிற அடையாளங்களைக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். ஆயில் குச்சியை உருவினால் ஆயில் பால்காபி மாதிரி இருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்து, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை வருகிறதா? ராத்திரி முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கிறதா? நான்குக்கும் இல்லை என்றால் ஹெட்டில் யாரும் ஸ்பேனரை வைக்கக் கூடாது.

தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது எல்லோருக்கும் தெரியும். எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. மூடிய வளையத்தில் சுற்றுகிற தண்ணீர் அது. மாதம் அரை லிட்டர் சும்மா குறையாது.

#3 ஆறாவது கியர்

இதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடுங்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு, குளிர் நாட்டுக்காரன் வைத்தது அது. நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு? என் வண்டியில் நான்கு வருடமாக இல்லை. முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை.

#4 சுடுதண்ணி

ஆறாவது கியர் நண்பரே, முள் கால்வாசியிலேயே நிற்கிறது என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது புகாராகத்தான் கேட்கிறது.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது மெழுகு. அதன் மேல் அச்சடித்திருக்கும் சூட்டில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். கழற்றிவிட்டால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரவே வெகு நேரமாகும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் "இன்னும் குளிராக இருக்கிறது" என்று பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். மைலேஜ் போகும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தில் ஒரு தட்டு உண்டு. வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்குவழியை அடைக்கும். அந்த வகையில் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். ஏற்றத்தில் வண்டி அதனாலேயே சூடாகும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிக்கும்போது வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் சில நிமிடத்தில் மூட வேண்டும். சமையல் பாத்திரம் வேண்டாம். என் வீட்டில் அதற்காகத் தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்தது.

#5 சந்தேகம் சங்கர்

நடுவில் ஒரு கேள்வி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அப்படி என்ன ஆகும்? மேலே துணி போட்டுத் திறந்தால் பரவாயில்லையா?

#6 பட்டறை மணி

என் இடது முழங்கையில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெளுத்து இருக்கிறது. 1994-இல் துணி போட்டுத்தான் திறந்தேன்.

ரேடியேட்டர் மூடி ஒரு பிரஷர் குக்கர். 0.9 என்று மேலே எழுதியிருந்தால் வெளிக்காற்றைவிட 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரேடியேட்டர் தண்ணீரில் கலப்பதற்கென்றே விற்கிற திரவமான கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். 110 டிகிரியில் அடங்கி நிற்கிற தண்ணீருக்கு நீங்கள் மூடியைத் திருகினீர்கள் என்றால் அழுத்தம் போன அந்த நொடியே கொதிநிலை 100-க்கு இறங்குகிறது. மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். துணி என்ன செய்யும்? மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்து அழுத்த முடிகிற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாது. முக்கால் மணி நேரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான். வேலூர்த் தம்பி அந்த விஷயத்தில் சரியாகச் செய்தார்.

மூடியைப் பற்றி இன்னொரு சங்கதி. அதில் இரண்டு வால்வு உண்டு. பெரியது அழுத்தத்தைப் பிடிக்கும். நடுவில் இருக்கும் சின்னது, வண்டி ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச விடும். சின்னது அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். பெரியதன் ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தமே நிற்காது, வண்டி சீக்கிரம் கொதிக்கும். சில நூறு ரூபாய் சாமான். அதை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#7 வேலூர்க்காரன்

மணி அண்ணே, இன்று காலையில் எல்லாம் பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருக்கிறது. வெள்ளைப் புகை இல்லை. ஹோஸ் உடனே இறுகவில்லை. குமிழி முதலில் இரண்டு மூன்று வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மூடி ரப்பரில் சின்ன வெடிப்பு இருக்கிறது, புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன். ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்பு பக்கமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், கறையே இல்லை.

வேறு புகார் எதுவும் இல்லை. ஏசி தண்ணீர் மட்டும் உள்ளே கசிகிறது. அம்மா உட்காரும் பக்கம் கால்மிதி எப்போதும் ஈரம், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் கால் பிசுபிசுக்கிறது என்கிறார். அது வேறு கதை, ஏசிக்காரரிடம் காட்ட வேண்டும். முன்கண்ணாடி உள்பக்கமும் அடிக்கடி மங்குகிறது, துடைத்தாலும் எண்ணெய் பூசிய மாதிரி இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் துணி சரியில்லை போல.

#8 மீனாட்சி சேலம்

வேலூர்க்காரரே, காரில் உட்கார்ந்தால் ஏதாவது இனிப்பு வாசனை வருகிறதா?

#9 வேலூர்க்காரன்

வரும் அக்கா. ஆனால் அது எங்கள் ஊர் வாசனை. பிலிக்கல்பாளையம் ரோட்டில் இரண்டு பக்கமும் வெல்ல ஆலைதான், கொப்பரையில் பாகு காய்ச்சும் வாசனை துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். காரில் ஒட்டாமல் இருக்குமா?

#10 மீனாட்சி சேலம்

சரி, பிலிக்கல்பாளையத்தில் வரட்டும். கொல்லிமலை நாற்பதாவது வளைவில் யார் பாகு காய்ச்சினார்கள்? அங்கேயும் வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், கூலன்ட்டில் முக்கால்வாசி நேரம் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சூடானால் இனிப்பாக வாசனை அடிக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. நம் ஊரில் ஹீட்டர் போடுபவர் யாருமில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் நிறைய கார்களில் நீங்கள் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் இன்ஜின் தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். குமிழைத் திருப்பினால் காற்றின் பாதை மட்டும் மாறும்.

என் பழைய வண்டியில் இதேதான் நடந்தது. ஆறு மாதம் ஏசிக் குழாயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஏசி தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு டிஷ்யூ காகிதம் போதும். கால்மிதியை எடுத்துவிட்டுக் கீழே ஒற்றி எடுங்கள். ஏசி தண்ணீர் என்றால் காய்ந்ததும் தடமே இருக்காது. கூலன்ட் வழுக்கும், லேசாக நிறம் இருக்கும், காய்ந்தாலும் பிசுக்கு போகாது. நாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இனிக்கும், ஆனால் விஷம்.

#11 வேலூர்க்காரன்

அக்கா, கும்பிடு.

அம்மாவிடம் கேட்டேன். "மலை ஏறும்போதுதான்டா ஜாஸ்தி அடிச்சது, நீ சொன்னா நம்பமாட்டேன்னு விட்டுட்டேன்" என்கிறார்.

கால்மிதியைத் தூக்கினேன். அதற்குக் கீழே கார்ப்பெட், அதற்கும் கீழே ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு மெத்தை. கார்ப்பெட்டை ஓரத்தில் பிடித்து இழுத்ததும் சளக்கென்று சத்தம். பஞ்சைக் கையால் பிழிந்தால் வெளிறிய பச்சை, சோப்பு மாதிரி வழுக்கல், அதே வெல்ல வாசனை. ஒரு சொம்பு நிறையப் பிழிந்தேன். மூன்று மாதமாகத் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

#12 பட்டறை மணி

மீனாட்சி அம்மாவுக்கு என் பட்டறையில் வேலை கொடுத்திருப்பேன்.

தம்பி, இருந்தாலும் இரண்டு சோதனையை முடித்துவிட்டுத்தான் டேஷ்போர்டைத் தொட வேண்டும். முதலாவது, கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர். மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, ஆறிய வண்டியில், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்து விடுவார்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டாவது, நீல மருந்துச் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது மேலே வரும் ஆவியை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த புகை தண்ணீருக்குள் வந்தால், அதாவது கேஸ்கெட் போயிருந்தால், பெட்ரோல் வண்டியில் மருந்து மஞ்சளாக மாறும். நீலமாகவே இருந்தால் ஹெட்டை விட்டுவிடலாம்.

நீங்கள் தண்ணீர் இல்லாமல் மூன்று வளைவு ஓட்டியிருப்பதால் இந்த இரண்டாவதை விடவே கூடாது. அலுமினிய ஹெட் அளவுக்கு மேல் சூடானால் வளைந்துவிடும். ஹெட்டை இறக்கினால் லேத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகட்டை விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலான வண்டிக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வளைவே எல்லை.

#13 துபாய் ராஜா

நான் ஓட்டுவது 47, 48 டிகிரியில். தண்ணீர் குறைவு பாதிக் காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முன்னால், அதற்குப் பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று தெரியும். குப்பை சேர்வது அந்த இடைவெளியில். இங்கே மணல். உங்கள் ஊரில் என்னவோ.

ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போகும். அதிக வேகத்தில் பிரஷர் கன் வைத்தால் தகட்டு மடிப்புகள் எல்லாம் சாய்ந்து அடைத்துக்கொள்ளும். தோட்டத்து ஹோஸ் போதும். அப்படியே ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று காதால் கேளுங்கள். மலையில் வண்டி மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன்தான் ஒரே கதி.

#14 வேலூர்க்காரன்

நாமக்கல்லில் மணி அண்ணன் சொன்ன பட்டறைக்குப் போய் வந்தேன்.

0.9 வரை அடித்தார்கள். பத்து நிமிடத்தில் 0.6-க்கு வந்தது. இன்ஜின் பக்கம் ஒரு சொட்டு இல்லை. இடதுபக்கக் கதவைத் திறந்து, கார்ப்பெட்டைச் சுருட்டி, டார்ச் அடித்தோம். ஹீட்டர் பெட்டியின் அடி மூலையில் ஒரு பச்சை மணி உருண்டு, தயங்கி, விழுந்தது. ஐந்தாறு விநாடி கழித்து இன்னொன்று. பட்டறைப் பையன்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக் கை தட்டினார்கள். நீல மருந்து இருபது நிமிடமும் நீலமாகவே இருந்தது. 25,000 தப்பியது.

ராஜா அண்ணன் சொன்னதும் சரி. முன் பம்பரைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் கரும்புத் தோகைச் சாம்பல், பூச்சி, வைக்கோல் துரும்பு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. எங்கள் பக்கம் வெட்டிய கரும்புக் காட்டில் தோகையைக் கொளுத்துவார்கள், அந்தக் கரி எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது கேள்வி. ஹீட்டர் கோரை மாற்ற டேஷ்போர்டு முழுதையும் கழற்ற வேண்டும், ஒன்றரை நாள் வேலை, சாமானும் கூலியும் சேர்த்து 11,000 சொல்கிறார்கள். இன்னொரு வழியாக, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டால் 300 ரூபாயில் முடியும் என்கிறார்கள். எதைச் செய்வது?

#15 ஆறாவது கியர்

இணைத்துவிடுங்கள். காவிரிக்கரையில் இருந்துகொண்டு ஹீட்டர் எதற்கு? இதற்கும் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும்.

#16 பட்டறை மணி

இந்தத் தடவை திட்டவில்லை. லாரிக்காரர்கள் வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேருவார்கள். நானும் கொட்டியிருக்கிறேன். ஊர் வந்ததும் ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்வார்களா என்றால், அதுதான் கிடையாது. இணைப்பு ஹோஸும் அப்படித்தான். வீடு போய்ச் சேர நல்ல வழி.

நிரந்தரமாக வேண்டாம் என்பதற்கு எனக்கு மூன்று காரணம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான். வாயை அடைத்துவிடாமல் இணைத்தால் சுற்றும், சரி, ஆனால் இறுக்கமாக மடித்துவிட்டால் நசுங்கும். அப்புறம், மழைக்காலத்தில் முன்கண்ணாடி உள்ளே மூடுபனி போட்டால் ஏசியோடு கொஞ்சம் ஹீட்டரும் வேண்டும். கொல்லிமலை ஏறுகிறவருக்கு அது தேவைப்படும். நடுவழியில் சூடேறினால் ஹீட்டரைப் போட்டு இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் கழிக்கிற வழியும் போய்விடும். பணம் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் இணைத்துவிட்டு, தீபாவளி போனஸில் மாற்றுங்கள்.

#17 சுடுதண்ணி

மாற்றுவதற்கு முன்னால், அது ஏன் ஓட்டையானது என்று பாருங்கள். இல்லையென்றால் புதியதும் ஓட்டையாகும்.

வேலூர்க்காரர் முதல் பதிவில் போகிற போக்கில் சொல்லிவிட்டார், போர் தண்ணீர் ஊற்றினேன் என்று. உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலை ஒரு முறை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வெள்ளைப் பொருக்கு கால்சியம் கார்பனேட். சாதாரண உப்பு மாதிரி சூட்டில் கரைவது இல்லை, சூடாக ஆக பிரிந்து படியும். அதனால் இன்ஜினுக்குள் எந்த இடம் அதிகச் சூடோ அங்கேதான் முதலில் ஒட்டும். அதாவது, தண்ணீர் கட்டாயம் தொட வேண்டிய இடத்தில் தொடவிடாமல் ஒரு சுவர் எழும்பும். தண்ணீரில் இருக்கும் குளோரைடு தன் பங்குக்கு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஹீட்டர் கோரின் குழாய்ச் சுவர் மெல்லியது, அது முதலில் போயிருக்கலாம். இந்த வேலையை நீங்கள் மூன்று மாதத்தில் செய்திருக்க மாட்டீர்கள். முந்தைய உரிமையாளர் தொடங்கி வைத்திருப்பார்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது, அப்புறம் எதற்குக் கூலன்ட் என்று கேட்பார்கள். கொதிநிலை கூடுவது ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப்படுவது அதிலிருக்கும் துரு தடுக்கும் மருந்துதான். அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. பழைய பச்சை வகைக்கு இரண்டு வருடம், நீண்டகால வகைக்கு ஐந்து வருடம் வரை. வண்டிக் கையேட்டில் பாருங்கள்.

#18 சந்தேகம் சங்கர்

அப்படியென்றால் தண்ணீரே கலக்காமல் முழுக் கூலன்ட்டாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? பச்சையோடு சிவப்பு கலக்கலாமா?

#19 சுடுதண்ணி

கூடாது சங்கர். சூட்டைத் தூக்கிச் செல்வதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. கிளைக்கால் அதில் மந்தம். வெறும் கூலன்ட் ஊற்றினால் வண்டி இன்னும் சூடாகத்தான் ஓடும். வேடிக்கை என்னவென்றால் உறைவதிலும் அப்படியே. பாதிக்குப் பாதி கலவை உறைய மைனஸ் 37 டிகிரி ஆகும், தனிக் கிளைக்கால் மைனஸ் 13-க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும்.

கடையில் இரண்டு விதம் விற்கிறார்கள். ஒன்று ரெடி மிக்ஸ், அப்படியே ஊற்ற வேண்டியது. இன்னொன்று கான்சன்ட்ரேட், கலக்க வேண்டியது. டப்பாவைப் படிக்காமல் ரெடி மிக்ஸில் மறுபடி பாதித் தண்ணீர் கலந்துவிடுகிறார்கள், மருந்து கால்வாசி ஆகிவிடுகிறது. கலக்கும் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர். அவசரத்துக்கு ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை.

நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனி ஊற்றுகிற சாயம், அவ்வளவுதான். ஒரே சிவப்பில் இரண்டு வேறு மருந்து இருக்கும். வேறு வேறு மருந்து கலந்தால் சிலது ஒன்றையொன்று கெடுக்கும், சிலது கொழகொழவென்று உறைந்து குழாயை அடைக்கும். டப்பாவில் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 என்று போட்டிருக்கிறதா, உங்கள் கையேடு கேட்கும் வகைதானா என்று பாருங்கள்.

#20 வேலூர்க்காரன்

கோரை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். வண்டி பட்டறையில் நிற்கிறது. தண்ணீர் நிரப்பும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

#21 பட்டறை மணி

உண்டு. அங்கேதான் நல்ல வேலையும் கெட்டுப்போகும்.

முதலில் டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவைத்து இறக்கச் சொல்லுங்கள். தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை. இப்போது கவனியுங்கள். கையேட்டில் கொள்ளளவு 4.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே திருகைத் திறந்தால் 3 லிட்டர்தான் வரும். மீதி ஒன்றரை லிட்டர் பிளாக்குக்குள் தங்கிவிடும், அது வெறும் தண்ணீர். அதன் மேல் ரெடி மிக்ஸ் ஊற்றினால் மொத்தமும் நீர்த்துப்போகும். அதனால் அலசிய வண்டிக்குக் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 2.25 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர்.

அடுத்தது காற்று. வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காற்றுத் திருகு இருந்தால் அதையும் தளர்த்த வேண்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குடம் முங்குகிற மாதிரி குபுக் குபுக்கென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்று, ஹீட்டரில் அனல் வந்ததும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடலாம். மறுநாள் காலையில் ரிசர்வ் டப்பாவில் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் இறங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.

#22 மீனாட்சி சேலம்

இறக்குகிற பழைய கூலன்ட்டைப் பட்டறை வாசலில் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று தெருநாய் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். நீங்கள் பஞ்சில் பிழிந்தீர்களே, அந்தச் சொம்பு என்னவாயிற்று?

#23 வேலூர்க்காரன்

அக்கா, அந்தச் சொம்பை அம்மா அன்றைக்கே தூக்கிப்போட்டுவிட்டார். பூஜைச் சொம்பாம். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கோர் மாற்றி, மூடி மாற்றி, நடுக் குப்பை எடுத்தாயிற்று. பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் நான்கு நாள் காயவைத்தேன். எறும்பு ஒன்றுகூட வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையன் ஆராய்ச்சி செய்து சொன்னான். ரிசர்வ் டப்பாவில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன். தினமும் காலையில் பார்க்கிறேன், கோட்டிலேயே நிற்கிறது.

போன வாரம் மறுபடி கொல்லிமலை. இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து சூட்டைப் படித்துச் சொல்லும் ஓபிடி சாதனம் ஒன்றை மாட்டி செல்போனில் பார்த்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டு முள் அடிவாரத்திலிருந்து நடுவை விட்டு அசையவில்லை. போனிலோ 86-இலிருந்து 101 வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குள் இவ்வளவு நடக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

#24 பட்டறை மணி

முள்ளை வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நிறைய வண்டிகளில் 80 சொச்சத்திலிருந்து 100-ஐத் தாண்டும்வரை நடுவிலேயே நிற்கும். ஆடினால் ஓட்டுகிறவர் பயந்து சர்வீஸுக்கு வந்துவிடுகிறாராம். ஏறத் தொடங்கிய முள் ஏற்கெனவே தாமதமாகத்தான் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 101 ஏற்றத்தில் சரியான அளவுதான். மூன்றாவது கியரில் முக்கவிடாமல் இரண்டாவதில் ஏறினால் வாட்டர் பம்பு வேகமாகச் சுற்றும், இன்னும் இரண்டு டிகிரி குறையும்.

#25 ஆறாவது கியர்

ஒரு சின்னக் கேள்வி. என் ஆயில் குச்சியில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. தெர்மோஸ்டாட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். 82, 88 இரண்டும் இருக்கிறது என்கிறார். நம்ம ஊர் வெயிலுக்கு 82 போடலாம்தானே?

#26 பட்டறை மணி

கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது. கேஸ்கெட் வளையமும் சேர்த்து வாங்குங்கள்.